கை இறங்காத வண்டி

“யஜமான்ரு எங்கம்மா? பின்னால வர்றாரா?”

பெங்களூர் பீன்யாவில் பழைய இயந்திரங்கள் விற்கும் ஆம்ப்ரோஸ், என் அத்தை வேதநாயகியிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“எங்க வீட்டுக்காரர் செத்து ஆறு வருஷம் ஆவுது. வர மாட்டார். நீ வண்டியக் காட்டு.”

2004ஆம் வருஷம். எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பின்னால் இருந்த ஊரில் அத்தை மாடுகள் வைத்துப் பால் விற்றுக்கொண்டிருந்தாள். வைக்கோல் அடுக்கவும் சாணம் அள்ளவும் இருந்த ஆட்கள் நீலச் சட்டை மாட்டிக்கொண்டு கம்பெனி வாசல்களில் காவலுக்குப் போய்விட்டார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த கொழுந்தன் எத்திராஜ் இதற்காகவே காத்திருந்தவர். அவருடைய நிலத்தை மனை போட்டு விற்க ஒருவர் கேட்டிருந்தார், ஆனால் அத்தையின் நிலமும் சேர்ந்தால்தான் வாங்குவாராம். “மாட்டை வித்துடுங்க அண்ணி, ஆளில்லாம எத்தன நாளைக்கு?” என்று காலையில் பால் வாங்க வரும்போதெல்லாம் சொல்வார். வேலைக்கு வழி செய்யாவிட்டால் முதலில் மாடு போகும், பிறகு நிலம் போகும். அத்தைக்கு அது தெரியும்.

ஆபீஸ் கட்டடம் எழும்பும் இடத்தில் அவள் ஒரு வண்டியைப் பார்த்திருந்தாள். அதற்கு ஒற்றை இரும்புக் கை. நுனியில் இரண்டு முள். செங்கல் அடுக்கை அப்படியே தூக்கி, கையை நீட்டி, மூன்றாம் மாடியில் வைக்கும். முள்ளைக் கழற்றிவிட்டு அள்ளுவதற்குப் பக்கெட்டும் மாட்டலாம். டெலிஹேண்ட்லர் என்றார்கள். “செங்கல்லத் தூக்குறது வைக்கோலத் தூக்காதா?” என்றாள். டிராக்டர் ஓட்டத் தெரிந்தவளுக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

நான் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடி அவள் வீட்டில் தங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. நேர்முகத் தேர்வில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருவேன். இங்கிலீஷ் படிக்க ஆள் வேண்டும் என்று அத்தை என்னையும் கூட்டிப் போனாள்.

“மூணு டன் தூக்கும் மேடம், கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார் ஆம்ப்ரோஸ்.

வண்டிக்குள் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தேன். “கை மடங்கி இருந்தாத்தான் மூணு டன். முழுசா நீட்டுனா ஒரு டன்தான் அத்தை.”

“நம்ம வைக்கோல் அதுக்குள்ளதான். சாரு கண்ண மூடச் சொன்னாரு பாரு, அத ஞாபகம் வச்சுக்க.”

யார்டில் கிடந்த இரும்புச் சட்டங்களை முள்ளில் ஏற்றிக் கையை உயர்த்தச் சொன்னாள். பிறகு இன்ஜினை நிறுத்தச் சொன்னாள். முள் நின்ற உயரத்துக்குப் பக்கத்துச் சுவரில் என்னைக் கோடு போட வைத்தாள். நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

“என்னம்மா, பிக்னிக்கா?”

“சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் அந்தக் கை எறங்கக் கூடாது. நீயும் வா, தயிர்சோறு இருக்குது.”

சாப்பிட்டு முடிப்பதற்குள் முள் கோட்டுக்கு ஒரு சாண் கீழே வந்துவிட்டது.

“வெயில்ல அப்டித்தாம்மா. எல்லா வண்டியும் எறங்கும். ஆம்பளைங்க யாரும் இப்டி டெஸ்ட் பண்ணதில்ல.”

“அவங்க சோத்த வீட்டுல வச்சுட்டு வந்துருப்பாங்க. கையத் தூக்குற எண்ணெய் கசியுது, ரப்பர் சீல் மாத்து. மாத்திட்டுச் சொல்லி அனுப்பு.”

நானாக இருந்தால் சரி சார் என்று சொல்லியிருப்பேன். மறுவாரம் போனபோது தயிர்சோறு, ஊறுகாய், வாழைப்பழம் என்று வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டாள். முள் கோட்டைவிட்டு இறங்கவில்லை. ஆம்ப்ரோஸே சிரித்துவிட்டு எங்களுக்கு டீ சொன்னார்.

லாரியில் வந்த வண்டியை ஊர்முனையில் இறக்கி, அத்தை தானே ஓட்டி வந்தாள். வீட்டு வாசலில் நிறுத்த வேண்டியதாயிற்று. வாசலின் அகலத்தை அளந்தவள் உயரத்தை அளக்கவில்லை. மாட்டு வண்டிக் காலத்தில் மாமனார் வைத்த இரும்பு வளைவு குறுக்கே நின்றது. அதில் ‘வரதப்பன் தோட்டம்’ என்று தகட்டில் வெட்டிய எழுத்துகள். பாகப்பிரிவினையில் வாசலோடு அத்தை பங்குக்கு வந்த வளைவு அது.

எத்திராஜ் கைகட்டிக்கொண்டு வந்து நின்றார். கூட்டமும் சேர்ந்துவிட்டது.

“அய்யோ அண்ணி, வண்டி உள்ளயே போவாதே! பேசாம திருப்பிக் குடுத்துருங்க. நெலத்தப் பத்தி அப்புறம் பேசலாம்.”

“இந்த வளைவு இருக்கே…”

“அதுல கைய வைக்காதீங்க! அப்பா பேரு அது. நான் உசுரோட இருக்கறப்ப அது கீழ வராது.”

அத்தை இறங்கி மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். ஸ்பானரும் கயிறும் ஏணியுமாக வந்து, வண்டியின் முள்ளை உயர்த்தி வளைவுக்கு அடியில் முட்டுக்கொடுத்தாள். கயிற்றால் வளைவை முள்ளோடு கட்டினாள். ஸ்பானரை என்னிடம் நீட்டி ஏணியைக் காட்டினாள்.

துருப்பிடித்த போல்ட்டுகள். தூணில் சாய்த்த ஏணியில் ஏறும்போது எத்திராஜ் மாமா கீழிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார். “படிச்ச புள்ள நீயுமா?” இந்த முறை நான் தலையாட்டவில்லை. ஸ்பானரைத் திருகினேன். கடைசி போல்ட் கழன்றபோது வளைவு முள்ளில் லேசாக ஆடி நின்றது. நான் இறங்கி விலகினேன்.

அத்தை வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பினாள். பாகம் பிரித்தபோது எழுப்பிய சுவர் எங்களுக்கும் எத்திராஜ் வீட்டுக்கும் நடுவில் நின்றது. இரும்புக் கை அதற்கு மேலாக நீண்டு, அவர் வீட்டு முற்றத்தில், அவருடைய ஸ்கூட்டருக்குப் பக்கத்தில், வளைவை ஓசையில்லாமல் இறக்கி வைத்தது. நான் சுவரேறிக் குதித்துக் கயிற்றை அவிழ்த்தேன்.

“உங்கப்பா பேரு தம்பி. பத்திரமா வச்சுக்குங்க” என்றாள் அத்தை. “மனை விக்கறப்ப வாசல்ல மாட்டலாம்.”

கையை மடக்கிக்கொண்டு, திறந்து கிடந்த வாசல் வழியாக வண்டியை உள்ளே ஓட்டிப் போனாள். மாடுகளுக்கு வைக்கோல் போடும் நேரம் தாண்டியிருந்தது.