மலையிலிருந்து இறங்கவேண்டிய கையெழுத்து

அவர் பெயரை நான் கேட்கவில்லை. ஆதலால் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் பேருந்தில் என்னருகே அமர்ந்திருந்த இளைஞர், வங்கியொன்றின் பெருநிறுவனக் கடன் பிரிவிலிருந்து விலகியவர். மறுநாள் பெங்களூரில் வேறு வங்கியில் சேரவேண்டும். பழைய மேலாளர் கையெழுத்திட்ட விடுவிப்புக் கடிதமின்றிச் சேர இயலாது. மேலாளரோ திருமலைக்குச் சென்றிருந்தார். இளைஞர் அவரை ஓயாமல் அழைப்பதும் கைப்பேசியைச் சட்டையில் துடைப்பதுமாக இருந்தார்.

"தரிசனத்துக்குப் போனா போனை வாங்கி வெச்சிக்குவாங்களே," என்றேன்.

"தெரியும் சார். எங்க நைனா, புள்ளைக்குப் புது வேலைன்னு ஊரெல்லாம் ஸ்வீட் குடுத்துக்கினு கீறாரு. பஸ் ஸ்டாண்டுல நிப்பேன், மேனேஜர் இறங்கித்தானே ஆவணும்."

"மொட்டையடிச்சிருந்தா அடையாளம் தெரியுமா?"

வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவர் முகம் வெளுத்தது.

திருப்பதியில், மலையிலிருந்து வந்த பேருந்தின் படியருகே நின்று, இறங்கிய ஒவ்வொரு மொட்டைத் தலையையும் "சார்?" என்று அழைத்தார். நான் என் வழியே நடந்துவிட்டேன்; எவரேனும் திரும்பினாரா என்பது எனக்குத் தெரியாது.