பட்டர் பன் அக்கா

பிலோமினா அக்கா இறந்த செய்தியைச் சரசுதான் தொலைபேசியில் சொன்னாள். காலை பத்து மணி இருக்கும். நான் அலுவலகத்தில் ஒரு பேக்கிங் லிஸ்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "ஏனுங்க்கா, நம்ம பட்டர் பன் அக்கா போயிட்டாங்களாமாங்க. தூத்துக்குடிப் பக்கம், மக ஊட்லீங்க. முந்தாநேத்தே அடக்கம் பண்ணீட்டாங்களாமா" என்றாள். பிறகு அவளே தொடர்ந்தாள். முப்பதாம் நாள் பூசையை மகள் இங்கே, அக்கா வழக்கமாகப் போன கோயிலிலேயே வைக்கப் போகிறாள். அன்று எங்கள் பனியன் கம்பெனியின் பழைய செக்கிங் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து கோயில் வாசலில் இருநூறு பேருக்குப் பட்டர் பன் கொடுப்பது, கூடவே ஒரு நினைவு மடல் அச்சடிப்பது என்று சரசு முடிவு செய்திருந்தாள். "பட்டர் பன்னுன்னா அக்காவுக்கு உசுராச்சுங்களே. மடலை நீங்கதான் எழுதோணும். நீங்கதான காலேஜு படிச்சவீங்க."

இரண்டுக்கும் சரி என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் நான் எதற்குச் சரி சொன்னேன் என்பது உறைத்தது. அக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததில் ஒரு பிழை இருக்கிறது. அதை அறிந்தவர்கள் இரண்டு பேர். இப்போது நான் மட்டும். அச்சுக்குப் போகும் முன் இதைச் செக்கிங்கில் இருந்த நீங்கள் எல்லோரும் படிப்பீர்கள். பேக்கரியில் இன்னும் பன்னுக்குச் சொல்லவில்லை. அதற்குள் எழுதிவிட வேண்டும்.

உங்களில் பிறகு வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் திருப்பூர் நல்லூரில் நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் ஒன்றுதான். எட்டுப் பெண்கள் அதைச் சுற்றி நின்றபடி, தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் பிரித்துப் பார்த்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும். அக்காதான் அவர்களில் மூத்தவர். கணவரை இழந்தபின் மகளோடு திருப்பூருக்கு வந்தவர். எங்கள் 'ங்க'வுக்கு நடுவே அவருடைய தெற்கத்திப் பேச்சு தனியாகக் கேட்கும்.

செவ்வாய்க்கிழமைகளில் அவர் காலைப் பூசை முடித்து ஒரு பன்னோடு வருவார். வேண்டுதல் பலித்தவர்கள் அந்தோணியார் பெயரால் வாங்கிக் கொடுக்கும் பன் அது. எட்டாகப் பிய்த்து டேபிளைச் சுற்றிக் கொடுப்பார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோணியார் என்பதால், கம்பெனியில் எது தொலைந்தாலும் அக்காவிடம்தான் முறையிடுவோம். சரக்கு ஏற்றும் நாளில் ஒருமுறை சைஸ் லேபிள் கட்டு ஒன்று தொலைந்துவிட்டது. "அந்தோணியாரே, லேபிள் கிடைச்சா ஆறு பன்னு" என்றார் அக்கா, பக்கத்தில் நிற்கும் ஆளிடம் பேசுவதுபோல. அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. "சரி, பத்து. அதுக்கு மேல ஆசப்படக்கூடாது, சொல்லிட்டேன்." கட்டு கடைசியில் சரசுவின் சோற்றுப்பையில் கிடந்தது. "சத்தியமா நானு எடுக்கலீங்க்கா" என்று சரசு அழப்போனாள். "நீ எடுக்கலட்டி. அவருதான் ஒளிச்சு வச்சிருக்காரு, பன்னு கூட்டிக் கேக்கதுக்கு" என்றார் அக்கா.

திருப்பூர் ரொட்டி அவருக்கு ஒத்துவரவில்லை. எல்லாம் கேக்கைப் போல இனிக்கிறது என்பார். அவர் கேட்டது சீனி இல்லாமல், உப்பு மட்டும் போட்டு, மேல்தோல் கறுக்கும்வரை வேகவிட்ட ரொட்டி. நல்லூரில் பேக்கரி வைத்திருந்த காஜா பாயிடம் பல நாள் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒருநாள் நானும் கூட இருந்தேன். "ஏனுங்க சிஸ்டர், இதையப் போட்டு யாருக்குங்க விக்கிறது? காய்ச்சக்காரங்ககூட வேண்டாம்பாங்களே" என்றார் பாய். "நீங்க சுடுங்க பாய். விக்காததெல்லாம் நான் திங்கேன்" என்றார் அக்கா. பாய் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் அடுத்த வாரத்திலிருந்து அடுப்பின் பின்வரிசையில் நான்கு ரொட்டி அவருக்கென்று கருகத் தொடங்கியது. அதை அவர் பாலில்லாத கட்டன் டீயில் முக்கித் தின்பார். ஒருமுறை எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவர் கவனித்தார்.

காஜா பாய் காய்ச்சல்காரர்களைச் சொன்னதில் வியப்பில்லை. எங்கள் வீட்டில் ரொட்டி நுழைந்தால் யாருக்கோ உடம்பு சுகமில்லை என்று பொருள். பால் ரொட்டியின் வாசனையும் கசப்பு மாத்திரையும் எனக்கு ஒன்றாகத்தான் நினைவில் இருக்கின்றன. பி.காம். முடித்து, வரன் பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் மூன்று மாதம் சண்டையிட்டு, கம்பெனி அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. முதல் மாதத்தில் கைப்பையில் ஒரு பட்டர் பன் மிஞ்சியதைப் பார்த்த அம்மா, "ஏங் கண்ணு, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நோயில்லாமல் ரொட்டி தின்பது எனக்குப் புதிய சுதந்திரமாக இருந்தது. தினமும் நான்கு மணிக்கு ஒரு பட்டர் பன் வாங்கிக்கொண்டு செக்கிங் டேபிளுக்குப் போவேன். பேச்சுத் துணை அங்கேதான் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆனபோது அது நடந்தது. வெளிநாட்டில் வாங்குபவர் பார்த்து ஒப்புக்கொண்டு திருப்பி அனுப்பிய மாதிரிச் சட்டை ஒன்று வந்திருந்தது. வெள்ளை நிறம், குழந்தை சைஸ். அந்த ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் மொத்தச் சரக்கும் போக வேண்டும். அளவு சரிபார்க்க அதை டேபிளுக்கு எடுத்துப் போனவள் நான். மறுநாள் காலை அதன் நெஞ்சுப் பகுதியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறை இருந்தது.

மேனேஜர் சட்டையோடு வந்தார். "மிஷின் ஆயிலு. நேத்து இதையப் பாத்துத் தெச்சது யாரு, அந்த மூலனூர்ப் பையனா? கூப்புடுங்க அவன." அந்த டெய்லர் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஆயில் என்று முடிவானால் சாயங்காலம் அவனுக்கு வேலை இருக்காது. அக்கா சட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். "ஆயில் இல்ல சார். இது பட்டரு. எங்க டேபிள்ல வந்ததுதான்."

"யாரு பண்ணுனது?"

நான் இரண்டடி தூரத்தில், அளவுத் தாளைப் பிடித்தபடி நின்றேன்.

"டேபிளு என் பொறுப்பு சார்."

"அப்ப நீதானா?"

அக்கா பதில் சொல்லவில்லை. மேனேஜர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். சட்டையைத் துவைத்ததும் கறை போய்விட்டது, சரக்கும் குறித்த நாளில் போனது. ஆனால் டேபிளில் டீ, பன் எல்லாம் அன்றோடு நின்றன. அந்த மாதம் அக்காவுக்கு வரவிருந்த சூப்பர்வைசர் வேலையும் வேறொருவருக்குப் போனது. அவருக்கு வலது காலில் நரம்பு முடிச்சு இருந்தது. "சூப்பர்வைசருன்னு கூப்பிடக்கூட வேண்டாம், அந்த நாற்காலியத் தந்தாப் போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நின்றே வேலை பார்த்தார்.

அப்போது உங்களுக்கு அவர்மேல் கோபம். வாசலில் முறை வைத்து நின்று டீ குடிக்க வேண்டியிருந்தது உங்களுக்குத்தானே. "பட்டர் பன்னு ருசியா இருந்துச்சுங்களாக்கா?" என்று முதலில் கேட்டது யார் என்று நினைவில்லை. ஒரு வாரத்தில் அது பெயராகிவிட்டது. கோபம் போன பிறகும் பெயர் நின்றது. அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். நானும் ஓரிருமுறை அப்படி அழைத்திருக்கிறேன்.

பதினோரு வருடம் முன்பு அவருக்குக் காலில் அறுவை சிகிச்சை நடந்தது. பார்க்கப் போனபோது, நம் வழக்கப்படி ஒரு ரொட்டிப் பாக்கெட் வாங்கிப் போயிருந்தேன். "வெட்டுனது காலத்தானட்டி, காய்ச்சலா எனக்கு?" என்று சிரித்தார். அன்றுதான் சொன்னேன், அந்தக் கறை என்னுடையது என்று.

"தெரியும். நாலு மணிக்கு ஆபீசுல இருந்து பன்னோட வாரது நீ ஒருத்திதானே."

"அப்பறம் ஏனுங்க்கா சொல்லலீங்க?"

"சொன்னா அன்னைக்கே உன்னய அனுப்பிருப்பான். உங்க அப்பா மறுமாசமே எவன் கையிலயாவது பிடிச்சுக் குடுத்திருப்பாரு. எனக்கு நாற்காலிதான போச்சு." பிறகு, "ஆனா அவளுவட்ட மட்டும் சொல்லிரு பிள்ள. நான் தின்னேன்னுல்லா பேரு வச்சிருக்காளுவ. அந்தப் பட்டர் பன்னப் பாத்தாலே எனக்குக் கொமட்டும்" என்றார்.

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அதற்குள் நான் உங்களுக்கு மேலே ஒரு பதவியில் இருந்தேன். நான் வந்தால் நீங்கள் பேச்சை நிறுத்தினீர்கள். ஒரு பன்னைப் பற்றிப் பேசுவதற்காக உங்களைக் கூட்டிவைப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. விஷயம் சிறியது என்று நினைத்துக்கொண்டேன். சிறியது என்பதால் தள்ளிப்போடுவதும் எளிதாக இருந்தது. அக்கா அதன் பிறகு அதைப் பற்றி ஒருமுறையும் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பிய நாளிலும் என் மகனின் படிப்பைப் பற்றித்தான் விசாரித்தார்.

அன்று பட்டர் பன் தின்றது நான். மூலனூர் டெய்லருக்கு வேலை தங்கியது, எனக்கும் தங்கியது; இரண்டும் அவர் கொடுத்தவை. சரசு, பட்டர் பன் வேண்டாம். காஜா பாயின் மகன்தான் இப்போது பேக்கரியைப் பார்க்கிறான். அக்காவுக்குச் சுட்டதைப்போல இருநூறு ரொட்டி கேள். கோயில் வாசலில் வாங்குகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மடலின் தலைப்பில் பிலோமினா என்று மட்டும் போடு.

அவர் என்னிடம் ஒப்படைத்தது ஒன்றுதான், அவர் கேட்ட அந்த ஒரே உதவி. பதினோரு வருடம் அதைச் செய்யாமல் வைத்திருந்தேன். இன்று செய்துவிட்டேன். இதை எழுதி முடித்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை. அவர் உயிரோடு இருந்த நாட்களில் எந்த ஒரு நாளிலும், உங்களிடம் வந்து இதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்திருக்கும் என்பது மட்டும் தெரிந்தது. அதுதான் இனி என்னிடம் இருக்கும்.