புகை போடாத ஒட்டு

என் கார் நிற்கும்போது மிக நல்ல கார். ஓடும்போதுதான் அதன் வயது தெரியும். எனக்கும் அப்படித்தான் என்று மனைவி சொல்வாள்.

எனக்கொரு கெட்ட பழக்கம் உண்டு. நாலு பேர் பார்க்கிற இடம் என்றால் காரின் பானெட்டைத் திறந்துவிடுவேன். திறப்பது வரை எனக்கு நன்றாக வரும். அதற்கப்புறம்தான் தகராறு.

அன்று நாங்கள் பாறசாலையிலிருந்து அம்பூரிக்குப் போனது மாமனாரைக் கூட்டிவர. மாமியார் போனபிறகு அவர் மலையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே தனியாக இருந்தார். போன மழையில் சரிவில் வழுக்கி விழுந்து, பக்கத்துத் தோட்டக்காரர் பார்க்கும்வரை ஈரத்திலேயே கிடந்தார். அன்றிலிருந்து என் மனைவி தூக்கத்திலும் போனைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். எங்களோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டால், மழை கழியட்டும், ரப்பர் பால் வெட்டு முடியட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், திடீரென்று ஒருநாள், “செரி மக்கா, ஞாயிறாழ்ச்ச வா. வாறேன்” என்றுவிட்டார். மனம் மாறுவதற்குள் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். அது ஒன்றுதான் எங்கள் வேலை.

அவர் பை டிக்கியில் ஏறிவிட்டது. அவள் அடுக்களையைப் பூட்டப் போனாள். மாமனார் முற்றத்தில் சும்மா நின்று காரைப் பார்த்தார். பார்க்கிறாரே என்று பானெட்டைத் திறந்தேன். எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று சோதிக்கிறவன்போல ஒரு ரப்பர் குழாயைப் பிடித்து லேசாக ஆட்டினேன். அது மாட்டியிருந்த பிளாஸ்டிக் துண்டு, வருஷக்கணக்காகச் சூடு தின்றது, பொரித்த பப்படம்போல நொறுங்கியது.

எஞ்சின் காற்றை உறிஞ்சும் பாதையில் இருக்கிற துண்டு அது. பிரேக் மிதியை இலகுவாக்குகிற குழாயும் அதிலிருந்துதான் பிரிகிறது. ஸ்டார்ட் செய்தால் ஸ்ஸ் என்று ஒரு சீறல். எஞ்சின் தானாக ஏறியது, இறங்கியது, விக்கியது, செத்தது. பிரேக்கை மிதித்தால் அம்மிக்கல்லை மிதிப்பதுபோல இருந்தது.

“என்னவாக்கும் சத்தம்?” என்றார் மாமனார்.

“ஒண்ணுமில்ல மாமா. சின்ன ஒரு குழாய்.”

மனைவி ஓடிவந்தாள். “நீங்க தொட்டியளா?”

“தொட்டேன்.”

“எதுக்குத் தொட்டிய?”

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுவருகிற கேள்வி இது.

ஞாயிற்றுக்கிழமை. உதிரிபாகக் கடை ஒன்றும் திறந்திருக்காது. இன்சுலேஷன் டேப் சுற்றினேன். எஞ்சின் அதை உள்ளே இழுத்து விசிலடித்தது. பேனாவின் ரீஃபிலை உருவிவிட்டு வெறும் கூட்டை இரண்டு குழாய்க்கும் நடுவே செருகினேன். அளவு ஏறக்குறையச் சரி. அந்த ஏறக்குறையில்தான் காற்று போனது. அவள் டிக்கியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஓட்டைய அடைக்கணும், அவ்வளவுதானே?” என்றார் மாமனார். “மலை முழுக்க பாலு நிக்குது. மாறுங்க மருமவனே.”

ஒரு சிரட்டை நிறைய ரப்பர் பால் கொண்டுவந்தார். துணிக்கீற்றை அதில் முக்கி, பேனாக்கூட்டைச் சுற்றிக் கட்டி, ரப்பர் ஷீட் உறையவைக்கிற ஆசிட்டைச் சொட்டுவிட்டார். அது வெள்ளையாக இறுகியது. கையொடிந்தவனுக்குக் கட்டுப் போட்டதுபோல் இருந்தது. ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் பூனைபோல முனங்கியது. பிரேக் மிதியும் இலகுவாக இறங்கியது.

“பாத்தியளா? ரப்பராக்கும்!”

அப்படித்தான் மூன்று பேரும் புறப்பட்டோம். வளைவுகளில் இறங்கும்வரை அவர் ரப்பரின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு ஸ்ஸ். கால் அம்மிக்கல்லில் இடித்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டு, ஓரத்து மண்மேட்டில் வண்டியை முட்டி நிறுத்தினேன். திறந்து பார்த்தால் கட்டு அல்வாவாகியிருந்தது. பாதியை எஞ்சின் உறிஞ்சியிருந்தது.

அப்போது பார்த்து மேலே போகிற பஸ் வந்தது. கீழே போகிறது அல்ல, மேலே, அம்பூரிக்கு. கண்டக்டருக்கு மாமனாரைத் தெரியும். மாமா, வீட்டுக்குத்தானே, ஏறிக்கொள்ளுங்கள் என்று மலையாளத்தில் கூப்பிட்டார். “அம்மாவா, வீட்டிலேக்கல்லே? கேறிக்கோ!”

மனைவி என் சட்டைக்கையைப் பிடித்தாள். ஏறிவிட்டால் முடிந்தது. இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் வராது. உடைத்தவன் என்ன முகத்தை வைத்துக்கொண்டு, இருங்கள் என்று சொல்வது?

மாமனார் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்கவே இல்லை. கையை மட்டும் பின்னால் ஆட்டினார். “நீ போ, போ. இஞ்ச ஜோலி கெடக்கு.”

பஸ் போய்விட்டது.

“எனக்க பாலு ஏமாத்தாது மருமவனே,” என்றார். “புகை போடாத்த குற்றமாக்கும். ஷீட்டானா புகையில தூக்கிப் போடுவோம்லா? இத பச்சையா வச்சாச்சு. இது நிக்காம நான் விடமாட்டேன்.”

கீழே போன ஒரு ஜீப் எங்களை ஏற்றிக்கொண்டது. கார் மறுநாள் இன்னொரு வண்டியின் முதுகில் ராஜாபோல வந்தது.

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். பக்கத்தில் பால் வெட்டுகிறவரிடமிருந்து பாட்டிலில் ரப்பர் பால் வருகிறது. எங்கள் விறகடுப்புக்கு மேலே கருவாடு தொங்கவேண்டிய கம்பியில் அந்தப் பாலில் செய்த ஒட்டுகள் வரிசையாகத் தொங்கிப் புகை குடிக்கின்றன. ரப்பருக்கும் பெட்ரோலுக்கும் ஆகாது என்று போனில் படித்துவிட்டுச் சொன்னேன். “போனுக்கு ரப்பரப் பத்தி என்ன தெரியும்?” என்றார்.

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் சொல்லிவைத்திருந்த அசல் துண்டு கிடைத்தது. கட்டைவிரல் அளவு. குதித்துக்கொண்டு வந்து மனைவியிடம் காட்டினேன். அவள் அதை வாங்கி அரிசிப் பானைக்குள் புதைத்தாள்.

“வண்டி ஓடுற அன்னைக்கே அம்பூரியில கொண்டு விடணும்னு அப்பா சொல்லியாச்சு. கேட்டியளா? அதத் தொட்டா பாத்துக்கிடுங்க.”

ஆகவே நான் திருவனந்தபுரத்துக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். நெய்யாற்றின்கரை வரை நின்றுகொண்டு. என் கார் என் முற்றத்தில் நிற்கிறது. அதைச் சரிசெய்யத் தெரியாமல் இருந்தது போய், இப்போது சரிசெய்யக் கூடாமலும் ஆகிவிட்டது.

சாயங்காலம் நான் வந்ததும் மாமனார் கூப்பிடுவார். “மருமவனே, இன்னைக்கு நிக்கும். சாவி கொண்டாங்க.” அவள் அடுக்களை ஜன்னலில் வந்து நிற்பாள். சாவியைத் திருப்பிவிட்டு, காரை வைத்திருக்கிற எந்த மனிதனும் வேண்டாததை வேண்டிக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் ஸ்ஸ். அவர் தலையைச் சொறிவார். ஜன்னலில் பாத்திரம் கழுவுகிற சத்தம் மறுபடி கேட்கும்.

நேற்று அந்த ஸ்ஸ் வரவில்லை. அவர் டீயைக் குடித்து முடித்தார். நானும் குடித்து முடித்தேன். எஞ்சின் பூனைபோல முனங்கிக்கொண்டே இருந்தது. ஜன்னலில் அவள் கழுவாத தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து பானெட்டுக்குப் பக்கத்தில் போனேன். எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று சோதிக்கிறவன்போல, ஒரு குழாயைப் பிடித்து லேசாக ஆட்டினேன்.