விளங்காத கை

தேனி காய்கறி மார்க்கெட்டில் சண்முகராஜின் வலது கையைத் தெரியாதவர்கள் கிடையாது. அங்கே ஏலம் விடுகிறவர் ஒரு வியாபாரியின் பேரைச் சொன்னால் அந்த ஆள் சட்டென்று கையைத் தூக்க வேண்டும். தூக்கினால்தான் சரக்கு அவருக்கு. எச்சில் விழுங்கி யோசித்துக்கொண்டு நின்றால் தக்காளி அடுத்த கடைக்குப் போய்விடும். மீசை முளைத்த நாளிலிருந்து சண்முகராஜ் அப்படி யோசித்ததில்லை. பேரின் முதல் எழுத்து காதில் விழும்போதே கை மேலே போயிருக்கும். கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் வாசிக்கும் பூசாரியும், ரேஷன் கடைக்காரரும்கூட அந்தக் கையைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட கைதான் ஒரு வழக்குக்காக விளங்காமல் போனது.

அவருக்கு ஒரே மகள், பூமாரி. பிசியோதெரபி படிக்கச் சேலத்துக்கு அப்பால் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். விடுதிக்குப் போன புதிதில் தினமும் போன் போட்டு அழுதாள். அழுகிற பிள்ளைக்கு ஆறுதல் சொல்லத் தெரியாத தகப்பன்கள் உடனே ஏதாவது ஏற்பாடு செய்யக் கிளம்பிவிடுவார்கள், சண்முகராஜும் கிளம்பினார். தேனிப் பக்கமே ஒரு கல்லூரியில் அதே படிப்புக்கு இடம் காலியாக இருந்தது. அவர்கள் தாராளமாக வரச் சொன்னார்கள். சேலத்துக் கல்லூரி விடமாட்டேன் என்றது. 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று அவர்கள் ஒரு தாள் தர வேண்டும். அந்தத் தாளைத் தருவதற்குத்தான் அவர்களுக்கு ஆட்சேபணை.

வழக்கறிஞர் சுரேஷ்கண்ணன் விதிகளைப் புரட்டிப் பார்த்தார். படிப்பின் நடுவே கல்லூரி மாறத் தக்க காரணம் வேண்டுமாம். பெற்றவர் படுத்த படுக்கையாகக் கிடந்தால் அது தக்க காரணம். பிள்ளை அழுகிறது என்பது காரணமே இல்லை.

"அண்ணாச்சி, உங்களுக்குச் சீக்கு ஏதும் இருக்கா?"

ஒரு தலைவலிகூட வந்ததில்லை என்று சண்முகராஜ் பெருமையாகச் சொன்னார். வழக்கறிஞரின் முகம் வாடிப்போனது. இவ்வளவு ஆரோக்கியமான கட்சிக்காரரை வைத்துக்கொண்டு அவரும் என்னதான் செய்வார்?

கடைசியில் இரண்டு பேரும் கலந்து பேசி, வலது பக்கம் வாதம் என்று முடிவு செய்தார்கள். எழுதிக்கொடுக்க ஒரு டாக்டரும் கிடைத்தார். வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருக்கக்கூடாதே என்று அதே மனுவில் மனைவி சொர்ணலதாவுக்கு மூட்டுத் தேய்மானம் சேர்க்கப்பட்டது. தனக்கு அது எப்போது வந்தது என்று அந்தம்மா கேட்டதற்கு, மனுவின் மூன்றாம் பக்கத்தில் வந்தது என்று பதில் கிடைத்தது.

சேதி எப்படியோ அவர்கள் குடியிருந்த பழனிசெட்டிபட்டித் தெருவுக்குள் பரவி, உறவும் சனமும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வந்து இறங்கினார்கள். நோயாளி மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் காபி ஆற்றிக் கொடுத்ததில் சொர்ணலதாவுக்கு நிஜமாகவே முழங்கால் வலித்தது.

சேலத்துக் கல்லூரி லேசுப்பட்டதில்லை. வாதத்துக்கு வைத்தியம் சொல்லிக்கொடுப்பதுதான் தங்கள் தொழில், தகப்பனாரைக் கூட்டி வாருங்கள், மகளின் கையாலேயே பயிற்சி கொடுத்து நடக்க வைக்கிறோம் என்று பதில் மனு போட்டது. சுரேஷ்கண்ணன் அசந்துபோய் வாய்தா வாங்கினார். அதற்குப் பிறகு வாய்தாக்கள் தாமாகவே வந்தன.

இதற்குள் பூமாரி அழுவதை நிறுத்திவிட்டாள். படுக்கையில் கிடந்த ஒரு பெரியவரைத் தன் தோளில் சாய்த்து நடக்க வைத்தாளாம். அந்தக் கதையையே ஒரு வாரம் போனில் சொன்னாள். பிறகு மெதுவாக, இங்கேயே படிப்பை முடித்துவிடுகிறேனே என்று கேட்டும் பார்த்தாள். கேஸ் போட்ட பிறகு பின்வாங்கினால் ஊர் சிரிக்கும் என்று சண்முகராஜ் சத்தம் போட்டார். ஊராவது, சிரிப்பாவது. மகள் அழுகையை நிறுத்திய பிறகுதான் அவருக்கு அவள் இல்லாதது உறைக்கத் தொடங்கியிருந்தது. அவளுடைய சத்தம் இல்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை.

மனுதாரரை நேரில் பார்க்க வேண்டும் என்று நீதிபதி சொன்னதால் பூமாரி மதுரை ஹைகோர்ட்டுக்கு வந்தாள். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று சுரேஷ்கண்ணன் சண்முகராஜிடம் கெஞ்சியிருந்தார். தன் சரக்கு ஏலத்துக்கு வரும்போது வீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லாதவர் அவர். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கோர்ட்டின் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றார்.

கல்லூரியின் வழக்கறிஞர் மனுவை வாசித்து வந்தார். நடுவில், "சண்முகராஜ் என்பவரின் வலது கை..." என்று கணீரென்று சொன்னார்.

கை மேலே போய்விட்டது.

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. சுரேஷ்கண்ணன் குனிந்து காகிதக் கட்டுக்குள் எதையோ தேடத் தொடங்கினார். மறுபடி நிமிரவே இல்லை.

"யாருங்க நீங்க?" என்றார் நீதிபதி.

"சண்முகராஜ்தாங்கய்யா."

"உங்க வலது கை விளங்காதுன்னு இதுல எழுதியிருக்கே."

சண்முகராஜ் அண்ணாந்து தன் கையை யாருடையதோ போலப் பார்த்தார். பிறகு இறக்கினார்.

"பொய்தாங்கய்யா. பிள்ளை இல்லாம வீட்ல இருக்க முடியல. அதுக்கு விதியில இடமில்லன்னு சொன்னாக."

நீதிபதி மனுவை மூடி வைத்தார். இப்போதும் இடமில்லைதான் என்றார். பொய் மனுவுக்கு ஜெயிலே கிடைக்கும் என்று எச்சரித்துவிட்டு, பூமாரியிடம் அவள் விருப்பத்தைக் கேட்டார். அவள் அப்பாவைப் பார்க்காமல், "நான் அங்கனயே படிச்சுக்கிறேன்யா" என்றாள். மனு தள்ளுபடியானது.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில்தான் தேனி பஸ்ஸும் சேலம் பஸ்ஸும் நிற்கின்றன. சேலம் பஸ் கிளம்பும்வரை பூமாரி அப்பாவின் தோளைப் பிடித்துவிட்டாள். கையைத் தூக்கச் சொன்னாள், மடக்கச் சொன்னாள், விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான்ப்பா இருக்கு. இனிமே கெடுத்துக்காதீக."

"சரி ஆத்தா" என்றார்.

பஸ் நகர்ந்தது. பூமாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கையாட்டினாள். சண்முகராஜும் கையைத் தூக்கப் பார்த்தார். மார்க்கெட்டில் கையைத் தூக்கியதெல்லாம் சரக்கு தன்னிடம் வருவதற்காகத்தான். அனுப்பி வைக்க அவர் ஒரு நாளும் தூக்கியதில்லை. பஸ் வளைவில் திரும்பும்வரை நின்று முயன்று பார்த்தார். கை விளங்கவில்லை.