முதுகுக்கு உரியவள்

சலவைக் கடையில் அவளை எல்லோரும் ‘ஆவி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேய் பிசாசு சமாச்சாரம் ஒன்றும் இல்லை. காலையில் நீராவி இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தால் சாயங்காலம்தான் கீழே வைப்பாள். வெள்ளைப் புகைக்கு நடுவே அவள் முகம் தெரிவதும் மறைவதுமாக இருக்கும். பில் போடும் பெண் விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கணவர் நகரப் பேருந்தில் டிரைவர். நாள் முழுக்க ஒரே இருக்கையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி, இடுப்பில் முதுகெலும்புத் தட்டு ஒன்று விலகி நரம்பை அழுத்த ஆரம்பித்திருந்தது. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே வந்த வலி, கூடவே குடியிருந்தது. வீட்டில் குழந்தை இல்லை. குழந்தைக்குச் செய்வதையெல்லாம் அவள் அந்த முதுகுக்குச் செய்தாள். வேலை முடிந்து வந்ததும் அவரைக் குப்புறப் படுக்க வைத்துத் தைலம் தேய்ப்பாள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி வைப்பாள். எந்த இடத்தில் அழுத்தினால் அவர் ‘ஹ்ம்’ என்பார், எந்த இடத்தில் ‘ஸ்ஸ்’ என்பார் என்பது அவளுக்கு அத்துப்படி.

நாத்தனார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்லுவாள்: “அண்ணி மட்டும் இல்லேன்னா எங்கண்ணன் என்னிக்கோ படுத்த படுக்கையாயிருப்பான்.”

“போம்மா, நான் என்ன பெருசா செஞ்சிட்டேன்,” என்பாள் இவள். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்ட நாளில் சோறு இரண்டு கரண்டி கூடுதலாக இறங்கும்.

ஒருநாள் மதியம் அவருக்குப் பிரேக் மிதித்த கால் மரத்துப்போனது. நல்லவேளை, வண்டி நிறுத்தத்தில் நின்றிருந்தது. கண்டக்டரும் பயணிகளும் சேர்ந்து அவரை இருக்கையிலிருந்து மூட்டையை இறக்குவதுபோல இறக்கினார்கள். எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, இப்போதைக்குக் கத்தி வேண்டாம், முதுகைத் தாங்குகிற தசைகளுக்குப் பலம் வரவேண்டும் என்று சொல்லி ஒரு சிகிச்சை வகுப்புக்கு அனுப்பினார்.

“பைலேட்ஸாம்,” என்றார் வீட்டுக்கு வந்ததும்.

“பஸ் ஓட்டினது போதாதா? இனிமே பிளேன் வேற ஓட்டணுமா?”

“பைலட் இல்லடி. பைலேட்ஸ். உடற்பயிற்சி மாதிரி.”

“நடக்கவே முடியல, இதுல உடற்பயிற்சி!” என்று சிரித்தபடி தைலப் புட்டியைத் திறந்தாள். நாலு நாள் போவார், அப்புறம் சலித்துப்போய் நின்றுவிடுவார் என்று நினைத்தாள்.

அவர் நிற்கவில்லை. மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த வகுப்புக்கு வாரம் தவறாமல் போனார். திரும்பி வந்ததும் ‘டீச்சர்’ புராணம் தொடங்கும். மூச்சை வயிற்றுக்குள் தள்ளாமல் விலாவுக்குள் வாங்கணும் என்று டீச்சர் சொன்னாங்க. மூச்சை விடும்போது அடிவயிற்றை மெதுவா உள்ளே இழுக்கணும்னு டீச்சர் சொன்னாங்க. உதறக் கூடாது, அவசரப்படக் கூடாது, கொஞ்சமா அசைச்சாலும் சரியா அசைக்கணும்னு டீச்சர் சொன்னாங்க.

“நிமிர்ந்து உக்காருங்க, தொப்பையை உள்ள இழுங்கன்னு நானும்தான் தொண்டை கிழியக் கத்தினேன். அப்பல்லாம் காதுல விழல!”

“நீ திட்டின. அவங்க சொல்லித் தர்றாங்க.”

அந்தப் பதில் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

சில வாரங்களில் அவர் கட்டிலிலிருந்து தானாக எழுந்தார். குனிந்து செருப்பு மாட்டினார். ஒரு சாயங்காலம் அவள் தைலத்தோடு வந்தபோது, “இன்னிக்கு வேண்டாமே. அவ்வளவா வலி இல்ல,” என்றார். மறுநாளும் வேண்டாம் என்றார். அதற்கு அடுத்த நாள் அவள் கேட்கவில்லை. புட்டியை அலமாரியில் வைத்துக் கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்தினாள்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அவளுக்கும் அது தெரியும். அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. புருஷனுக்கு வலி குறைந்ததற்கு வயிறு எரிகிற பெண்டாட்டி உலகத்தில் உண்டா? அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது முகர்ந்து பார்த்தாள். வாசனைத் திரவியம் எதுவும் இல்லை. ரப்பர் விரிப்பின் வாடைதான் அடித்தது. சென்ட் வாசனை வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டையாவது போட்டிருக்கலாம் என்று தோன்றியது. கடையில் ஒரு வாடிக்கையாளரின் பட்டுச் சட்டைக் கழுத்தைப் பொசுக்கிவிட்டாள். அதுவரை அவள் கையில் துணி கருகி யாரும் பார்த்ததில்லை.

“என்னக்கா, யார் நினைப்பு?” என்றாள் பில் போடும் பெண்.

“உன் மாமியார் நினைப்பு. வேலையைப் பாரு.”

அடுத்த வகுப்பு நாளில் அவர் துண்டை மறந்து வைத்துவிட்டுப் போனார். துண்டு இல்லாமல் போனால் ஒன்றும் முழுகிவிடாது. இருந்தாலும் அதை மடித்து எடுத்துக்கொண்டு, பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நீளமான அறை. தரையில் விரிப்புகள். ஓரத்தில், தண்டவாளத்தில் ஓடுவதுபோல முன்னும் பின்னும் நகரும் கட்டில்கள். அவற்றின் அடியில் ஸ்பிரிங்குகள். ஒன்றில் அவள் கணவர் மல்லாந்து படுத்து, கால்களால் கட்டையை உந்திக் கட்டிலை நகர்த்திக்கொண்டிருந்தார். மூட்டு தேய்ந்த கணக்காளர் அம்மா ஒருத்தி, தோள் இறுகிப்போன பல் டாக்டர் ஒருவர் என்று பக்கத்தில் இன்னும் சிலர். டீச்சர் அழகி என்று சொல்ல முடியாது. வெட்டிவிட்ட முடி, தொளதொள சட்டை, வியர்த்த முகம். அவள் டிரைவரின் விலாவில் இரண்டே இரண்டு விரலை வைத்திருந்தாள். அழுத்தவில்லை, தேய்க்கவில்லை.

இரண்டு விரல்! என் இரண்டு கையும் தேய்ந்ததே என்று இவளுக்குக் குமுறிக்கொண்டு வந்தது.

“டிரைவர் சார், வண்டி எங்க போகுது?” என்றாள் கணக்காளர் அம்மா.

“இடுப்புல கிளம்பி முழங்கால் வழியா போகுதும்மா. உள்ள தள்ளி நில்லுங்க, படியில தொங்காதீங்க!”

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். அதுதான் அவளைக் கொன்றது. அந்தச் சிரிப்பை அவள் வீட்டில் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

டீச்சர் கதவருகே வந்து துண்டை வாங்கிக்கொண்டாள். “சார் வீட்டுக்காரங்களா? வாங்கக்கா. உங்களைப் பத்தி சார் ஒரு வார்த்தை சொன்னதில்லையே!”

இவள் சிரிக்க முயன்று பார்த்தாள். உதடு கோணியதுதான் மிச்சம். ஒரு வார்த்தைகூட இல்லையாம். திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கினாள். அதற்கப்புறம் வீட்டில் உப்பு, தண்ணீர், சாவி என்று மூன்று விஷயங்களைப் பற்றித்தான் பேச்சு.

உடம்பு தேறிய தெம்பில் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் தூக்க ஒத்தாசைக்குப் போனார். திரும்பி வந்து கூடத்தில் நின்றவர், சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். பிறகு படுத்தார்.

“பிடிச்சுக்கிச்சு,” என்றார்.

அந்தக் கணத்தில் அவள் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. உடனே அதை நினைத்துக் கூசிப்போனாள். ஆனாலும் கால்கள் அலமாரிக்கு ஓடின. புட்டியோடு வந்து, “மெதுவா குப்புறப் படுங்க,” என்றாள்.

“வேண்டாம். போனை எடு. டீச்சருக்குப் போடு.”

அவள் கை அந்தரத்தில் நின்றது. பிறகு போனை எடுத்து, டீச்சர் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் அவர் தலைமாட்டில் வைத்தாள். கொஞ்சம் எறிந்தாள் என்றும் சொல்லலாம்.

டீச்சர் நிதானமாக விசாரித்தாள். கால் மரத்திருக்கிறதா, சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். அப்படி ஒன்றும் இல்லை என்றதும், “பயப்படாதீங்க சார். நாளைக்கு டாக்டரைப் பாத்துடுங்க. இப்போ மல்லாந்து படுத்து, காலை நாற்காலி மேல வைங்க,” என்றாள். அப்புறம், “அக்கா, பக்கத்துலதானே இருக்கீங்க? உங்க கை வேணும்,” என்றாள்.

இவள் தைலப் புட்டியைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு கையையும் விலாவில வைங்கக்கா. தேய்க்காதீங்க. சும்மா வைங்க. சார், அந்தக் கைக்குள்ள மூச்சை வாங்குங்க.”

சும்மா வைப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம்! விரல்கள் தாமாகத் தேய்க்கப் போயின. அடக்கிக்கொண்டாள். உள்ளங்கைக்கு அடியில் விலா எலும்புகள் விரிந்தன, சுருங்கின. நடுங்கின. அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை காலமும் அவர் குப்புறப் படுத்திருந்தார். வலிக்கும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததே இல்லை. பயந்துபோயிருந்தது அந்த முகம்.

மூச்சு மெல்ல சீரானது. டீச்சர் போனை வைத்துவிட்டாள். இவள் கையை எடுக்காமலே கேட்டாள்:

“என்னைப் பத்தி ஏன் அங்க ஒரு வார்த்தை சொல்லல?”

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சொன்னா முதுகைப் பத்தித்தான் சொல்லணும். வீட்ல நான் நோயாளி. தினமும் குப்புறப் படுக்கிறவன். அங்க போனா டிரைவர். அதான் வாயே வரல.”

“அப்ப நான் யாரு? நர்ஸா?”

அவர் கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். அவள் கைமேல் தன் கையை வைத்தார். அதை அவள் தட்டிவிடவும் இல்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை.

கொஞ்ச நாள் ஓய்வுக்குப் பிறகு அவர் எழுந்தார். வகுப்புக்கும் போனார், பேருந்துக்கும் திரும்பினார். ‘அக்காவையும் கூட்டிட்டு வாங்க, நின்னுக்கிட்டே வேலை செய்றாங்களே’ என்று டீச்சர் சொல்லி அனுப்பியதாக ஒருநாள் வந்து சொன்னார்.

“எனக்கு முதுகு வலி இல்ல. வயித்தெரிச்சல்தான். அதுக்கு ஏதாவது ஸ்பிரிங் கட்டில் இருக்கான்னு கேட்டுட்டு வாங்க.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார், விலா இரண்டும் குலுங்க. கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் அந்தச் சிரிப்பை விட்டுவிட மனசில்லை. அதிலிருந்து அவருக்குச் சொல்வதற்காகவே கடையில் நடக்கும் கூத்தையெல்லாம் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தாள். கணக்காளர் அம்மாவுக்கு மட்டும்தான் நகைச்சுவை வருமா என்ன?

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. டீச்சர் பேறுகால விடுப்பில் போனபோது அவளுக்கு உள்ளூரக் கொண்டாட்டம். டீச்சருக்குப் பதிலாக வந்த இளைஞன் எதையும் கண்டுகொள்ளாதவன். டிரைவரும் அதைச் சாக்காக வைத்து, வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைத் தட்டிக்கழித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் சரிந்து கிடந்தார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் விரிப்பை எடுத்து அவர் முன்னால் உதறிப் போட்டாள்.

“எந்திரிங்க! இப்படிக் கூனிப் போய் உக்காந்திருக்கிறதை உங்க டீச்சர் பாத்தா என்ன நினைப்பாங்க?”

அவர் அவளையே பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. வாய் தவறி வந்த சொல்லை விழுங்க முடியாமல் அவள் விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாள். அன்று முழுக்கத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தாள்.