குடிலுக்குப் போன என் செருப்பு

கையால் செய்த வாழ்த்து அட்டை என்று யாராவது ஆசையாகச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. என் தோழிகள் சிலர் இப்போது அதற்கென்று வகுப்புக்குப் போகிறார்கள். அச்சுக்கட்டை, மை, ரிப்பன், ஜிகினாத் தூள் என்று ஒரு பை நிறையத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மனதுக்கு அமைதியாக இருக்கிறதாம். அமைதியாம்! எங்கள் வீட்டில் அந்த வேலை நடந்த டிசம்பர் மாதங்களில் ஒருவர்கூட அமைதியாக உட்கார்ந்ததில்லை. முதலில் உட்கார இடம் இருந்தால்தானே.

ராயபுரத்தில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிளார்க். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று நான்கு பேர். அப்பாவையும் அத்தையையும் பெற்றவர்கள் நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் அத்தைக்கு மாப்பிள்ளை தேடுகிற பொறுப்பு அப்பாவின் தலையில் விழுந்திருந்தது. அத்தை முப்பதைத் தாண்டியிருந்தாள். ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. பைண்டிங் செய்து மிச்சமாகிற தடித்த காகிதத் துண்டுகளைக் கடைக்காரர் குப்பையில் போடுவதற்குப் பதில் அவளிடம் கொடுத்துவிடுவார். அவர் பாட்டுக்குக் குப்பையில் போட்டிருக்கலாம்.

அந்தத் துண்டுகளில் கிறிஸ்துமஸ் அட்டை செய்து தெருவில் உள்ளவர்களுக்கும், கோயிலில் பாடுகிறவர்களுக்கும், கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கும்கூடக் கொடுப்பாள். ஒரு வருடம் உருளைக்கிழங்கை வெட்டி அச்சு செய்தாள். அது மறுநாளே சுருங்கிப்போய், நட்சத்திரம் நண்டு மாதிரி விழுந்தது. அடுத்து வெண்டைக்காய். குழம்புக்கு வைத்திருந்த வெண்டைக்காயெல்லாம் காம்பும் வாலும் ஊதா நிறத்தில் கிடந்ததைப் பார்த்து அம்மா பேசிய பேச்சு பக்கத்து வீட்டுக்கு மனப்பாடம். அப்புறம் என் ரப்பர்கள். கணக்குப் பரீட்சையில் நான் எச்சில் தொட்டு அழித்துத் தாளைக் கிழித்ததற்குக் காரணம் இந்த அத்தைதான்.

மை வேறு ஒரு ரோதனை. அப்பாவின் அலுவலகத்து ஊதா மை, சிவப்பு மை, துணிக்குப் போடுகிற சொட்டு நீலம், இவை மூன்றையும் கலந்து அவள் என்னென்னவோ நிறம் செய்வாள். பழைய பனியன் துணியை மடித்துச் சோப்பு டப்பாவுக்குள் வைத்து மையை ஊற்றினால் அதுதான் எங்கள் ஸ்டாம்ப் பேட். அதில் அச்சை ஒற்றி அவள் கையில் கொடுக்க வேண்டியது என் வேலை. மை ஜாஸ்தி என்பாள். துடைத்துவிட்டு ஒற்றினால் மை கம்மி என்பாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருந்தது, அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் என் ஊதா விரல்களைப் பார்த்து டீச்சர் ஏதோ தோல் வியாதி என்று நினைத்து என்னைத் தனியாக உட்காரவைத்தார்.

இவ்வளவும் செய்து முடித்தால் காயாது. அப்பளமே நமத்துப்போகிற கடற்காற்று, அதிலும் மார்கழி மழை. ஜன்னலை மூடி வைத்தால் மை ஈரமாகவே இருக்கும். திறந்து வைத்தால் துறைமுகத்திலிருந்து பறந்து வருகிற நிலக்கரித் தூசி அட்டையில் இருக்கிற மாதாவின் முகத்தில் படியும். அதனால் ஜன்னலைக் கால்வாசி திறந்து, அதற்கு ஈரத்துணி கட்டி, கட்டில், பெஞ்சு, டிவி, அரிசி டிரம் என்று எல்லாவற்றின் மேலும் அட்டைகளைப் பரப்பி, கொடியிலும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பாள். அப்பா வேலையிலிருந்து வந்து நின்றுகொண்டே காபி குடிப்பார்.

நான் ஐந்தாவது படித்த வருடம் அவளுடைய பார்வை செருப்பின் மேல் விழுந்தது. தெருப் பையன்கள் தேய்ந்துபோன ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி வண்டிக்குச் சக்கரம் செய்வதைப் பார்த்திருக்கிறாள். அழகாக வெட்டுப்படுகிறது, சுருங்காது, அழுகாது, அம்மா குழம்பிலும் போட மாட்டாள். வீட்டிலிருந்த பழைய செருப்புகளில் வெட்டிப் பார்த்தாள். அடிப்பக்கம் மழுங்கிப்போயிருந்ததால் அவளுக்குத் திருப்தியில்லை. அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால், மழைக்காலத்துக்கென்று அம்மா எனக்குப் புதிதாக வாங்கித் தந்த செருப்பில் வார் தனியாகக் கிடந்தது. வார் மட்டும்தான் கிடந்தது.

நான் தரையில் புரண்டு அழுதேன். அத்தை ஒரு காகிதத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். சூசையப்பர், மாதா, நடுவில் குழந்தை. குழந்தைக்குக் கீழே மெல்லிய கோடு கோடாக வைக்கோல். அந்த வைக்கோலை அவள் வெட்டவே இல்லை. வழுக்காமல் இருப்பதற்காகச் செருப்பின் அடியில் கதிர் கதிராக வரி போட்டிருப்பார்களே, அதை அப்படியே விட்டுவிட்டு மற்ற இடங்களை மட்டும் செதுக்கியிருந்தாள். வார் மாட்டுகிற ஓட்டை இருந்த இடத்தில் வானத்தில் ஒரு வெள்ளை நிலா. அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். அசிங்கமாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சநேரம் அழுதிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நல்ல இடம் வந்தது. எங்களைப் போலவே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வண்ணாரப்பேட்டையில் செருப்பு மொத்த வியாபாரம். பையன் கடையைப் பார்த்துக்கொள்கிறான், குடியில்லை, கடனில்லை. விஷயம் காதில் விழுந்ததும் என் அழுகை நின்றுவிட்டது. அத்தை அந்த வீட்டுக்குப் போய்விட்டால் எனக்கு ஆயுசுக்கும் செருப்புப் பஞ்சம் கிடையாது. இந்தக் கல்யாணம் நடக்க வேண்டுமென்று எங்கள் வீட்டில் என்னைப்போல ஜெபம் செய்தவர்கள் யாரும் இல்லை.

அதற்கு முன்பும் பலர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பதில் எப்போதும் போனில்தான் வரும். பெண் நிறம் கம்மி என்பார்கள். வயது முகத்தில் தெரிகிறது என்பார்கள். ஒருவர் பல் கொஞ்சம் தூக்கல் என்றார். அப்பா இதையெல்லாம் அத்தையிடம் சொல்ல மாட்டார், சமையலறையில் அம்மாவிடம் முணுமுணுப்பார். இரண்டு அறை வீட்டில் முணுமுணுப்பு என்று ஒன்று உண்டா? எல்லாம் அத்தையின் காதில் விழும். அதற்கப்புறம் சில நாள் அவள் கண்ணாடியைப் பார்க்காமலே தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போவாள். வகிடு கோணலாக இருக்கும். சொன்னால் என்மேல் பாய்வாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வருவதாக ஏற்பாடு. அப்பா காலையிலேயே கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்.

“இன்னிக்கு ஒரு நாளு இந்தக் கண்றாவியெல்லாம் கட்டிலு கீழ தள்ளிடும்மா. அவங்க போன அப்பால எடுத்துக்கோ.”

“ஈரமா கீதுண்ணா. அடுக்குனா ஒட்டிக்கும்.”

கடைசியில் அம்மாவே எல்லாவற்றையும் வாரிப் பின் அறையில் போட்டுக் கதவைச் சாத்தினாள். நிறைய ஒட்டிக்கொண்டது. அத்தை புடவை கட்டுகிற நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் புலம்பினாள், வருகிற மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வந்தவர்கள் மூன்று பேர். செருப்புக்கடைக்காரர், அவர் மனைவி, பையன். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான், கடைசிவரை நிமிரவில்லை. அத்தை காபி கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். காபி உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சங்கடம் தாங்காமல், காலையிலிருந்து எதை மறைக்க வேண்டுமென்று கெஞ்சினாரோ அதையே அப்பா எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்தார். ஒட்டாமல் தப்பித்த ஒரு அட்டை.

“தங்கச்சி கையால செஞ்சதுங்க.”

செருப்புக்கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். வைக்கோலின் மேல் கட்டைவிரலால் தடவினார். பிறகு அவர் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

“ஏ, இது நம்ம சரக்குல்லா! இந்த வரி நம்ம அச்சு. பேட்டையில வேற எவன்கிட்டயும் கிடையாது. சின்னப் பிள்ளைக சைஸு.”

தொலைந்துபோன மாட்டைச் சந்தையில் கண்டுபிடித்தவர் மாதிரி சந்தோஷம் அவருக்கு. அவருடைய மனைவி அட்டையை வாங்கிப் பார்த்தார்.

“என்னது, செருப்பா?”

அம்மா சட்டென்று பேச்சில் புகுந்து, அது கடையில் விற்கிற ரப்பர் ஷீட்டுங்க என்றாள். எவ்வளவு நல்ல பொய்! அத்தை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தலையை ஆட்டக்கூட வேண்டாம். அப்பா அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். நான் அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“செருப்புதாங்க,” என்றாள் அத்தை. “புதுசு. பாப்பாது. சோப்பு போட்டுக் கழுவிட்டு தான் வெட்டுனேன். இந்த வரி கீதே, இது தான் வைக்கோலு. கையால வெட்டுனா இவ்ளோ நைசா வராதுங்க.”

அதோடு நின்றாளா? பின் அறைக்குப் போய் அச்சையே எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். ஊதா மை வடிய வடிய என் செருப்பு பெண் பார்க்க வந்தவர்களின் நடுவில் இருந்தது. செருப்புக்கடைக்காரர் அதை ஆசையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிசிறில்லாமல் எப்படி வெட்டினாய் என்று கேட்டார். பிளேடைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வெட்ட வேண்டும் என்று இவள் விளக்கினாள். இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்கள் மாதிரி பேசிக்கொண்டார்கள். இதற்குள் அந்த அம்மா அட்டையைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கைக்குட்டையில் துடைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“சேசு பாலன செருப்புலயா போடுதது? எந்திரிங்க, போவோம்.”

அவர் எழுந்ததும் பையன் எழுந்தான். செருப்புக்கடைக்காரர் அச்சை அத்தையின் கையில் திரும்பக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனார். வெட்டி வைத்த கேக் அப்படியே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அப்பாவுக்குப் போன் வந்தது. அத்தையும் நானும் தரையில் உட்கார்ந்து, ஒட்டிப்போனவற்றுக்குப் பதிலாகப் புதிதாக அட்டை செய்துகொண்டிருந்தோம். அப்பா வாசலில் நின்று “ஆமாங்க, சரிங்க” என்று பேசினார். திரும்பி வந்தபோது அவர் சமையலறைக்குப் போகவில்லை, முணுமுணுக்கவும் இல்லை. நடு அறையில் நின்று கத்தினார். நல்ல இடம் போய்விட்டது, செருப்பால் போய்விட்டது, இனி இந்த வீட்டில் ஒரு சொட்டு மை இருந்தால் நடப்பதே வேறு என்றார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அழுகை முட்டியது. என் ஆயுசு முழுமைக்குமான செருப்புகள் வண்ணாரப்பேட்டைக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

அப்பா மூச்சு வாங்க நிறுத்தியபோது அத்தை கேட்டாள்.

“வேற இன்னா சொன்னாங்க?”

“வேற இன்னா சொல்லணும்? இது பத்தாதா உனக்கு?”

“அதில்லண்ணா. என்னப் பத்தி இன்னா சொன்னாங்க?”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லலியே.”

“நெறம்?”

“இல்ல.”

“வயசு?”

“இல்லன்றேன்ல! செருப்பு, செருப்பு, செருப்பு! அது ஒண்ணு தான்.”

அத்தை சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமலே சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மை பட்ட கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் ஊதா. அப்பா திட்ட வாயெடுத்தவர் அவளைப் பார்த்துவிட்டு அப்படியே வெளியே போய்விட்டார். அவள் அடுத்த காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மை கம்மியாக இருக்கிறது, நன்றாக ஒற்று என்று என்னிடம் சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மாப்பிள்ளை போனதற்குச் சிரிக்கிறாளே, இவளுக்கு எவ்வளவு திமிர் என்று நினைத்தேன். அதுவரை வந்தவர்களெல்லாம் அவள் பிறந்த விதத்தைக் குற்றம் சொல்லிவிட்டுப் போனார்கள். இவர்கள்தான் முதல்முறையாக அவள் தானே யோசித்து, தானே வெட்டி, தானே ஒப்புக்கொண்ட ஒன்றைக் குற்றம் சொன்னார்கள். இது எனக்கு விளங்குவதற்கு, என்னையும் சிலர் வந்து பார்த்துவிட்டுப் போனில் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? சாப்பிட உட்கார்ந்தபோது, அத்தைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். வெண்டைக்காய் காலத்திலிருந்து அவளைத் திட்டிக்கொண்டிருக்கிற அம்மா நிச்சயம் என் பக்கம்தான் பேசுவாள் என்று நம்பினேன். அம்மா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். எனக்கென்று எடுத்து வைத்திருந்த வஞ்சிரத் துண்டைச் சட்டியிலிருந்து எடுத்து அத்தையின் தட்டில் போட்டாள். அத்தை வேண்டாமென்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எல்லா அக்கிரமமும் செய்தது அவள், மீனும் அவளுக்கா என்று அழுதுகொண்டே நான் வெறும் குழம்பில் சோற்றைப் பிசைந்து தின்றேன்.