முப்பத்தைந்து காட்டிய சூடுமானி

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் குஞ்சுகளைப் பார்ப்பது என் வேலை. முதல் வாரம் கொட்டகையில் சூடு தொண்ணூற்றைந்து இருக்க வேண்டும். அது எனக்கு மனப்பாடம்.

பழைய சூடுமானி உடைந்ததும் புதியதை மாட்டினார்கள். மறுநாள் காலை அது முப்பத்தைந்து காட்டியது. குஞ்சுகள் குளிரில் செத்துவிடும் என்று பயந்து எல்லா பல்புகளையும் போட்டேன். நாற்பதுக்கு மேல் ஏறவில்லை. குஞ்சுகள் வாயைத் திறந்தபடி ஓரத்துக்கு ஓடின. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அஞ்சாவது படித்தவள் எண்ணைச் சந்தேகப்படலாமா? யாரிடமாவது கேட்கவும் கூச்சம்.

மத்தியானம் சூப்பர்வைசர் வந்து பல்புகளை அணைத்தார்.

"ஏனுங்காத்தா, குஞ்சை வறுக்கறீங்களா? இது சென்டிகிரேடுங்க. பழசு பாரன்ஹீட். இதுல முப்பத்தஞ்சுன்னா, அதுல தொண்ணூத்தஞ்சுங்க."

"எனக்குத் தெரியலீங்க சாமி."

"நாந்தான் சொல்லாம உட்டுட்டேன். குஞ்சு ஓரத்துக்கு ஓடுனா சூடு அதிகம்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானுங்களே."

செத்த குஞ்சுகளைக் கூடையில் பொறுக்கினேன். கையில் இன்னும் சுட்டன. அவர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.